வெளியே எத்தனை பேர்?

“எனக்கு ஒரு ஸ்டெப்பும் இல்லையே டீச்சர்,” என்றாள் ஹெப்சிபா.

“இல்லை,” என்றாள் எமிமாள்.

“எல்லாருக்கும் இருக்கு.”

“ஆமா.”

“நான் மட்டும் வெளியே உக்காரணுமாக்கும்?”

“ஆமாக்கா. காணாமப்போன ஆடு நீங்கதான்.”

எமிமாளுக்கு வயது முப்பத்து மூன்று. ஹெப்சிபாவுக்கு ஐம்பத்தொன்று. ஆனால் எமிமாள் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, அவள் கழுத்தில் விசில் தொங்கியது. விசில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் டீச்சர், மற்றவர்கள் எல்லாம் சிஷ்யப் பிள்ளைகள். கெம்பீர நடன ஊழியத்தில் அதுதான் சட்டம்.

ஊழியம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் சாயங்காலம் நாலரைக்குப் பன்னிரண்டு பெண்கள் கூடுவார்கள். ஒரு நர்ஸ், ஒரு தையல்காரி, இரண்டு டீச்சர்மார், மீதிப்பேர் வீட்டில் இருப்பவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது, சில நாள் டீ கூடக் கிடையாது. முழங்கால் வலிக்கிறவர்கள் தைலம் தடவிக்கொண்டு வந்து ஆண்டவருக்காக ஆடினார்கள்.

ஸ்தோத்திரப் பண்டிகைக்கு இன்னும் எட்டுச் சனிக்கிழமைகள் இருந்தன. பண்டிகை அன்று சாயங்காலம் மண்டபத்தில் அவர்களுடைய கான்சர்ட். கடைசி நடனம், காணாமல்போன ஆட்டின் கதை.

பதினோரு பேர் கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். அவர்கள்தான் மந்தை. எமிமாள் மேய்ப்பன். மேய்ப்பன் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவான், ஒன்று குறையும். உடனே தாளம் நின்றுபோய்ப் புல்லாங்குழல் மட்டும் கேட்கும். மேய்ப்பன் கூட்டத்தின் நடுவே நடந்துபோய் மண்டபத்தின் பின்கதவைத் திறந்து, வெளியே இருக்கும் ஆட்டைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவருவான்.

“வேற யாரையாவது போடுங்களேன்,” என்றாள் ஹெப்சிபா.

எமிமாள் விசிலை ஊதினாள்.

*

ஹெப்சிபா எதற்காக அந்த ஊழியத்துக்கு வந்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வெட்கக்கேடு.

புருஷன் தவறி மூன்று வருஷமாகிறது. ஒரே மகன் பஹ்ரைனில். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசுவான், அதில் நாலு நிமிஷம் சிக்னல் இருக்காது. அவளுக்கு வேலை தபால் நிலையத்தில். கண்ணாடிக்கு அடியில் கைநுழையும் பொந்து ஒன்று உண்டு. ஜனங்கள் அந்தப் பக்கத்திலிருந்து தாளைத் தள்ளுவார்கள், அவள் இந்தப் பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்வாள். ஒரு விரல் இன்னொரு விரலில் படாது.

சனிக்கிழமை நடனத்தில்தான் அவள் கையை யாராவது பிடித்தார்கள். வலதுபக்கம் நர்ஸ் கிருபை, இடதுபக்கம் தையல்காரி. ஒன்றரை மணி நேரம். அதற்காகத்தான் அவள் வந்தாள்.

வீட்டிலும் பழகிப் பார்ப்பாள். சமையலறையில் நின்றுகொண்டு ஒரு கையால் ஃபிரிட்ஜின் கைப்பிடியையும் மறுகையால் கதவின் தாழ்ப்பாளையும் பிடித்துக்கொண்டு, வலது ரெண்டு, இடது ஒண்ணு என்று கால் வைப்பாள். ஃபிரிட்ஜ் சில்லென்று இருக்கும். அடுத்த வீட்டுக்காரர்கள் பார்த்திருந்தால் நன்றாகத்தான் சிரித்திருப்பார்கள்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக் கையும் போயிற்று.

*

முதல் சனிக்கிழமை அவள் வெளி வராந்தாவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பதினோரு ஜோடிச் செருப்பும் எமிமாளின் வெள்ளை கான்வாஸ் ஷூவும் கிடந்தன. எதிரே காம்பவுண்டு கேட், அதற்கு அப்பால் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பு.

உள்ளே பாட்டு ஓடியது. பிறகு புல்லாங்குழல். பின்கதவு திறந்தது.

ஹெப்சிபா சட்டென்று எழுந்து கையை நீட்டினாள்.

எமிமாள் அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை.

“வெளியே எத்தனை பேர்?” என்று கேட்டாள்.

“என்னது?”

“வெளியே எத்தனை பேர்?”

“நான் ஒருத்திதான்.”

எமிமாள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். உள்ளே விசில் கேட்டது. பாட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

நீட்டிய கையை என்ன செய்வதென்று ஹெப்சிபாவுக்குத் தெரியவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல இழுத்துவிட்டுக்கொண்டாள்.

*

இரண்டாவது சனிக்கிழமையும் அப்படித்தான்.

“வெளியே எத்தனை பேர்?”

“போன வாரம் சொன்னதுதான். நான் ஒருத்தி.”

கதவு சாத்திக்கொண்டது.

மூன்றாவது சனிக்கிழமை கடைசி ஜெபத்துக்கு எல்லோரும் உள்ளே கைகோத்து நிற்பது கதவிடுக்கில் தெரிந்தது. ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள்.

“டீச்சர், ஜெபத்துக்காவது உள்ளே வரட்டுமா?”

“ஆடு இன்னும் கிடைக்கலயே அக்கா,” என்றாள் எமிமாள்.

ஹெப்சிபாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வயதுக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல வகுப்புக்கு வெளியே நிற்கவைத்துவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது. வராந்தாத் தூணைப் பார்த்துக்கொண்டே தனியாக ஜெபித்தாள். ஜெபத்தில் பாதி எமிமாளைப்பற்றிய புகார்.

*

வெளியே உட்கார்ந்தவளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது? ரோடுதான்.

உடன்குடி வண்டி வந்தது, போனது. திசையன்விளை வண்டி வந்தது, போனது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் பச்சைக்குடை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு வண்டியிலும் அவள் ஏறவில்லை. நாசரேத் வண்டிக்கு நிற்கிறாள் போல என்று ஹெப்சிபா நினைத்தாள். நாசரேத் வண்டியும் வந்து போனது.

உள்ளே கடைசி விசில் கேட்டதும், அடுத்து வந்த வண்டியில் அந்தப் பெண் ஏறிக்கொண்டாள். எந்த ஊருக்குப் போகிற வண்டி என்று போர்டைக்கூடப் பார்க்கவில்லை.

போக்கற்றவள் போலிருக்கிறது என்று ஹெப்சிபா நினைத்தாள். அதற்குமேல் நினைக்கவில்லை. அவளுக்கு அவள் கவலை.

*

நாலாவது சனிக்கிழமை எமிமாள் கதவைத் திறந்தாள்.

“வெளியே எத்தனை பேர்?”

“ஒருத்தி.”

இந்தத் தடவை எமிமாள் கதவைச் சாத்தவில்லை. ஹெப்சிபாவைத் தாண்டிப் படியிறங்கி, வெறுங்காலோடு கேட்டைக் கடந்து, ரோட்டைக் கடந்து, பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போனாள்.

பச்சைக்குடைக்காரி திரும்பிப் பார்த்தாள். நகரத் தொடங்கியிருந்த ஒரு வண்டியில் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டாள். கண்டக்டர் திட்டினது இங்கே வரைக்கும் கேட்டது.

எமிமாள் யாருமில்லாத பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

“ஏதாவது வாங்கப் போனீங்களா டீச்சர்?” என்று கேட்டாள் ஹெப்சிபா.

“ஆமா.”

“கிடைக்கலையா?”

“இல்லை,” என்றாள் எமிமாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

ஆறாவது சனிக்கிழமை ஹெப்சிபா விலகிக்கொள்வதாகச் சொன்னாள்.

“சரி,” என்றாள் எமிமாள்.

“இருங்கன்னு சொல்லமாட்டீங்களா?”

“வெளியே இருந்து பழகினவங்க நீங்க ஒருத்தர்தான். வேற யாரைத் தேடுவேன்?”

அது இருங்க என்று சொன்னதா, போங்க என்று சொன்னதா? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஹெப்சிபா யோசித்தாள். வீட்டில் விளக்கைப் போட்டதும் அந்த அமைதி வந்து முகத்தில் அறைந்தது. அடுத்த சனிக்கிழமை நாலரைக்கு முன்னதாகவே வராந்தாவில் இருந்தாள்.

அன்றைக்குத்தான் உடுப்பு போட்டுப் பார்த்தார்கள். வெள்ளை அங்கி, கணுக்கால் வரைக்கும். ஹெப்சிபாவின் அங்கியில் கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் சிவப்பு நூலால் ஒரு பெயர் தைத்திருந்தது. இரண்டு வருஷமாக அதைப் போடுகிறாள், மூக்குக்கண்ணாடி போடாமலே உடுத்துகிறவளுக்கு அன்று கண்ணாடியோடு பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

“யாரு இந்த பியூலா?”

பின் குத்திக்கொண்டிருந்த கிருபையின் கை நின்றது. எமிமாள் மண்டபத்தின் மறுகோடியில் ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கிருபை குரலைத் தாழ்த்தினாள்.

“உங்களுக்கு முந்தி உங்க இடத்துல ஆடினவ. பிஷப் வந்திருந்தாவ அன்னைக்கு. எல்லாரும் வலப்பக்கம் திரும்புதோம், இவ இடப்பக்கம் திரும்பிட்டா. கை விட்டுப்போச்சு, ரெண்டு பேரு விழுந்தோம். சபையே சிரிச்சிட்டு.”

“அதுக்கு?”

“டீச்சர் எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாவ. ஒருத்தியால பன்னிரண்டு பேருக்கும் கெட்டுப்போச்சுன்னு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். மறுவாரம் அங்கியைத் துவைச்சு மடிச்சு ஒரு பையில போட்டு வராந்தாவுல வச்சிட்டுப் போயிட்டா. வேற ஊருக்குப் போயிட்டான்னு பேச்சு. நாங்களும் போய்ப் பாக்கல. ஆளுக்கொரு சோலி.” கிருபை பின்னைக் குத்தி முடித்தாள். “அதுக்கு முந்தி டீச்சரும் எங்ககூடக் கைகோத்து ஆடுவாவ. அன்னையிலேருந்து வட்டத்துக்கு வெளியேதான் நிக்காவ. கவனிச்சிருக்கீங்களா?”

ஹெப்சிபா கவனித்ததில்லை.

*

பண்டிகை அன்று மண்டபத்தில் உட்கார இடமில்லை. ஐந்து ஊர்ச் சபைகள் வந்திருந்தன. வராந்தா முழுக்கச் செருப்பு. ஹெப்சிபா வெள்ளை அங்கியோடு அந்தச் செருப்புக்கு நடுவில், ஒதுக்கிக்கொண்ட ஒரு முழ இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மணி ஆறு. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. கடைசி நடனம் ஆரம்பமானது.

உள்ளே தாளம் அதிர்ந்தது, ஜனங்கள் கைதட்டினார்கள். அங்கே கிருபையின் கையும் தையல்காரியின் கையும் கோத்துக்கொண்டிருக்கும். அவள் இருந்த இடத்தை மூடிவிட்டிருப்பார்கள், ஒரு ஆள் குறைந்தது யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு நிமிஷப் பாட்டு. எட்டாவது நிமிஷத்தில் புல்லாங்குழல் வரும். அப்போது கதவு திறக்குமா? திறந்தாலும் எமிமாள் கையைப் பிடிப்பாளா, இல்லை இன்றைக்கும் கேள்விதான் கேட்பாளா?

வராமலே போய்விடுவாளோ என்று ஹெப்சிபாவுக்குப் பயம் வந்தது. உண்மையான பயம். ஏழு வாரம் ஆடாக உட்கார்ந்ததில் அவள் ஆடாகவே ஆகிவிட்டிருந்தாள்.

கதவைப் பார்க்க மாட்டாமல் ரோட்டைப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாப்பில் பச்சைக்குடை.

பண்டிகை நாளிலுமா? அந்தப் பெண் குடையை விரிக்காமல் ஊன்றி, அதன் கைப்பிடியை இடதுகையால் பிடித்திருந்தாள். வலதுகையால் பஸ் ஸ்டாப்பின் இரும்புத்தூணைப் பிடித்திருந்தாள். முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது, பஸ்ஸுக்கு நிற்கிறவள் முகம்தான்.

கால்கள் மட்டும் அசைந்தன. வலது ரெண்டு. இடது ஒண்ணு.

ஹெப்சிபா எழுந்தாள்.

ஒரு கையில் ஃபிரிட்ஜ், ஒரு கையில் தாழ்ப்பாள். அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

உள்ளே பாட்டு ஐந்தாவது நிமிஷத்தைத் தாண்டிவிட்டது. இப்போது போனால் திரும்பி வர நேரமிருக்காது. ஏழு வாரமாகக் காத்திருந்த கை வந்து கதவைத் திறக்கும்போது இங்கே ஆள் இருக்காது.

அவள் செருப்புகளைத் தாண்டிப் படியிறங்கினாள்.

*

வெள்ளை அங்கியோடு ஒரு பெண் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்ததும் பச்சைக்குடைக்காரி தூணை விட்டாள். வண்டி ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். பண்டிகை நாள், வண்டி குறைவு.

“பஸ்ஸுக்கு நிக்கீங்களா?” என்றாள் ஹெப்சிபா.

“ஆமா.”

“எந்த ஊருக்கு?”

அவள் குடையைக் கைமாற்றிக்கொண்டாள்.

ஹெப்சிபா அங்கியின் கழுத்துப் பட்டையைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு நூல்.

“உங்க அங்கிதானே பியூலா?”

பியூலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நல்லாத் துவைச்சுதான் வச்சேன்,” என்றாள்.

“உள்ளே வாங்க.”

“நான் வரலக்கா. என்னாலதான் அன்னைக்கு எல்லாம் கெட்டுப்போச்சு.”

“இன்னைக்கு என்னால கெட்டுட்டிருக்கு,” என்றாள் ஹெப்சிபா. “நான்தான் காணாமப்போன ஆடு. அங்கே உக்காந்திருக்கணும். இங்கே வந்து நிக்கேன்.”

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

“போங்கக்கா, சீக்கிரம் போங்க. தேடுவாவ.”

அப்போது உள்ளே தாளம் நின்றது. ரோட்டைத் தாண்டிப் புல்லாங்குழல் கேட்டது.

“தனியாப் போகப் பயமா இருக்கு,” என்றாள் ஹெப்சிபா. அது பொய்யில்லை. “கையைக் குடுங்க.”

பியூலா தன் கையைப் பார்த்தாள். தூணைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது. சேலையில் துடைத்தாள். துடைத்து முடிக்கும்வரை ஹெப்சிபா காத்திருக்கவில்லை.

*

அவர்கள் கேட்டைக் கடந்தபோது பின்கதவு திறந்திருந்தது.

வராந்தாவில் எமிமாள் நின்றாள். மேய்ப்பனின் அங்கி, கையில் கோல். கோல் என்றால் பி.வி.சி. குழாயை வளைத்துக் காக்கித் தாள் சுற்றியது. ஹெப்சிபா உட்கார்ந்திருந்த அந்த ஒரு முழ இடத்தை அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஐந்து ஊர்ச் சபையும் கழுத்தைத் திருப்பிக் காத்திருந்தது. ஆட்டைக் காணாமல் மேய்ப்பன் முழிப்பதும் நடனத்தில் ஒரு பகுதி என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும்.

காலடி கேட்டு எமிமாள் நிமிர்ந்தாள்.

பியூலாவின் கை பின்னால் இழுத்தது. ஹெப்சிபா விடவில்லை.

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். புல்லாங்குழல் வாசித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தது. கிருபை புத்திசாலி, வட்டத்தை விட்டு ஸ்பீக்கர் பக்கம் போய் அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுவிட்டிருந்தாள்.

எமிமாள் வாய் திறந்தாள். விசில் ஊதுகிற அந்த வாயில் ஒரு வார்த்தை வராததை ஹெப்சிபா அன்றுதான் பார்த்தாள்.

“கேளுங்க டீச்சர்,” என்றாள்.

எமிமாள் தலையசைத்தாள். முடியாது என்பதுபோல.

“எப்பவும் கேப்பீங்களே. கேளுங்க.”

“வெளியே,” என்றாள் எமிமாள். “வெளியே எத்தனை பேர்?”

ஹெப்சிபா பியூலாவைக் கூட்டிக்கொண்டு படியேறினாள். பியூலா செருப்பைக் கழற்றி மற்றச் செருப்புகளோடு விட்டாள். இருவரும் எமிமாளைக் கடந்து, வாசற்படியைத் தாண்டி, மண்டபத்துக்குள் கால் வைத்தார்கள். தூரத்தில் வட்டம் கை விட்டு விலகி வழி திறந்தது.

அங்கே நின்று ஹெப்சிபா திரும்பினாள். வராந்தாவைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், ரோட்டுக்கு அப்பால் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள். நிதானமாக எண்ணினாள்.

“நீங்க ஒருத்தர்தான்,” என்றாள்.

கையை நீட்டினாள்.

எமிமாள் குனிந்து, கோலைச் செருப்புகளுக்கு நடுவில் வைத்தாள்.